ஆனைமேல் துஞ்சினார்

செத்தாரைத் துஞ்சினார் என்பதும் சுடுகாட்டை நன்காடு என்பதும் மங்கலம் என்று நன்னூல் உரைகாரர்கள் எடுத்துக்காட்டுவார்கள். துஞ்சுதல் என்றால் உறங்குதல். இடக்கரடக்கல், குழூஉக்குறி இரண்டோடும் சேர்த்து இதைத் தகுதி வழக்கில் வைத்தார் பவணந்தி. அவர் இலக்கணம் வகுத்தது 13ஆம் நூற்றாண்டில். வழக்கோ அதற்கு வெகுகாலம் முந்தியது. புறநானூற்றுப் பாட்டுகளின் அடியில் உள்ள குறிப்புகளிலேயே குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனும் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறனும் வந்துவிடுகிறார்கள். சோழர் கல்வெட்டுகளும் அதே தடத்தில்தான் போயின. முதலாம் ஆதித்தன் தொண்டைமான் ஆற்றூரில் துஞ்சினான், அரிஞ்சயன் ஆற்றூரில் துஞ்சினான், சுந்தர சோழன் காஞ்சிப் பொன்மாளிகையில் துஞ்சினான். அவர்களைப் புதைத்த அல்லது எரித்த இடத்தில் எழுப்பிய கோயிலுக்குப் பள்ளிப்படை என்று பெயர். பள்ளி என்பதும் உறங்கும் இடமே. இந்த வரிசையில் பராந்தகனின் மகன் ராஜாதித்தன் மட்டும் ஊர்ப்பெயரோ மாளிகைப் பெயரோ இல்லாமல் ‘ஆனைமேல் துஞ்சினவர்’ ஆகிறான்.

நடந்தது என்ன என்பது தெரியும். 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனோடு நடந்த போரில், யானைமேல் இருந்தபடியே ராஜாதித்தன் கொல்லப்பட்டான். கொன்றவன் கிருஷ்ணன் பக்கம் நின்ற கங்க மன்னன் பூதுகன். இன்றைய மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்த கன்னடக் கல்வெட்டு அதை வெளிப்படையாகச் சொல்லி, அதற்குப் பரிசாக அவன் பெற்ற வனவாசி முதலிய நாடுகளையும் குறிக்கிறது. தொண்டைமண்டலம் சோழர் கையை விட்டுப் போயிற்று. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகளிலேயே கிருஷ்ணன் ‘கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்’ ஆனான். வென்றவன் எதை எதைக் கொண்டான் என்று ஊர் ஊராகச் சொல்கிறான். தோற்றவர்களின் தொடரில் தக்கோலமும் இல்லை, பூதுகனும் இல்லை. சாவை மென்மையாக்கியதை நான் குறையாகச் சொல்லவில்லை. துக்கத்துக்கு அந்த மென்மை வேண்டும். ஆனால் இங்கே சாவோடு சேர்த்துத் தோல்வியும், கொன்றவன் கையும் மறைந்துபோயின. நோயில் படுத்து இறந்தவனுக்கும் பகைவன் கையால் மாண்டவனுக்கும் ஒரே உறக்கம்.

ஒரே பெயருள்ள மன்னர்களைப் பிரித்துக் காட்டவே இத்தகைய அடைமொழிகள், இதில் உள்நோக்கம் தேட வேண்டியதில்லை என்று சிலர் சொல்லக்கூடும். அப்படியானால் ‘தக்கோலத்துத் துஞ்சின’ என்பது இன்னும் நன்றாகப் பிரித்துக் காட்டியிருக்கும். யானை அந்த வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்பதற்கு ஒரு நூற்றாண்டு கழித்துச் சான்று கிடைக்கிறது. 1054இல் கொப்பத்துப் போரில் முதலாம் ராஜாதிராஜனும் யானைமேலேயே இறந்தான். அவனும் ‘ஆனைமேல் துஞ்சின’ உடையார் ஆனான். கல்யாணபுரமும் கொல்லாபுரமும் கொண்டவன் என்று முன்னால் சேர்த்துத்தான் அவனைக் குறித்தார்கள். கொப்பம் என்ற பெயரோ அவன் தம்பி இரண்டாம் ராஜேந்திரனின் மெய்க்கீர்த்திக்குப் போயிற்று. தம்பி அதே களத்தில் வென்று, அங்கேயே முடிசூடிக்கொண்டான். களத்தின் பெயர் வெற்றிக்கு, யானை சாவுக்கு என்று பங்கு பிரிந்ததைத் தற்செயல் என்று என்னால் கொள்ள முடியவில்லை.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. சோழர்களே ஆனைமங்கலச் செப்பேட்டில் ராஜாதித்தன் நெஞ்சில் அம்பு பாய்ந்து இறந்ததைச் சொல்லியிருக்கிறார்களே, பிறகு மறைத்தார்கள் என்பது எப்படி? சொன்னார்கள், உண்மைதான். வடமொழிப் பகுதியில், கிருஷ்ணனைக் கலங்கடித்த வீரன் விமானமேறி வீரசொர்க்கம் புகுந்ததாகச் சொன்னார்கள். பூதுகன் பெயர் அங்கும் இல்லை. போர் என்ன ஆயிற்று என்பதும் இல்லை. வேண்டும்போது சோழர்களுக்குக் கடுஞ்சொல்லும் வரும் என்பதற்கு உடையார்குடிக் கல்வெட்டு சாட்சி. ராஜராஜனின் 2ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது என்று கொள்ளப்படும் அது, ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைப் பற்றிப் பேசும்போது துஞ்சினான் என்று சொல்லவில்லை. ‘கொன்று’ என்று வெட்டியிருக்கிறது. ரவிதாசன் முதலியோரைத் துரோகிகள் என்று பெயர் சொல்லிக் குறிக்கிறது. அவர்கள் சொத்தைப் பறிக்க வேண்டியிருந்தது, ஆகவே செய்தவன் தேவைப்பட்டான். தக்கோலத்தில் செய்தவனைத் தண்டிக்கும் வலு இல்லை, ஆகவே அவன் தேவைப்படவில்லை.

மங்கலச் சொல் இப்படி மூடியதில் நாம் இழந்ததும் உண்டு. ராஜாதித்தனின் தம்பி கண்டராதித்தன் ‘மேற்கெழுந்தருளின தேவர்’ எனப்படுகிறான். அது சாவா, துறவா, யாத்திரையா என்று அறிஞர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். அரசர்களைவிடச் செங்கம் பக்கத்து நடுகல் வீரர்களுக்கு இந்த வகையில் நியாயம் கிடைத்தது. எந்த அரசனின் எத்தனையாவது ஆண்டு, யார் தொறுக் (மாட்டு மந்தை) கொண்டபோது, யாருடைய சேவகன் என்று வரிசையாகச் சொல்லி, ‘பட்டான்’ என்று முடிக்கும் கற்கள் அவை. பல்லவன் மகேந்திரவர்மன் காலத்து எடுத்தனூர் நடுகல்லில் கருந்தேவக்கத்தி என்ற வீரனோடு அவன் நாயும் நிற்கிறது. அதன் பெயர் கோவிவன் என்றும், அது கடித்த கள்ளர் இருவர் என்றும் எழுதியிருக்கிறார்கள்.