இராக்கடையின் தாமதம்: மதுரைப் பரோட்டாக் கடைகள் குறித்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

மதுரைக்கு இரவுக் கடை புதிதன்று. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சி, தன் 782 அடிகளுக்குள் நாளங்காடியோடு அல்லங்காடியையும் காட்டுகிறது. இரண்டாம் சாமத்தில் அப்பம் விற்கும் கூவியர் கடையிலேயே கண்ணயர்வதையும் சொல்கிறது. இங்கே ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவை, மாட்டுத்தாவணி, சிம்மக்கல், ஆரப்பாளையம் பக்கங்களில் இரவு வெகுநேரம் கல் சூடாக இருக்கும் சிறு பரோட்டாக் கடைகள். அங்கே சாப்பாடு மெதுவாகத்தான் வரும். அதைக் குறையென்பார் உண்டு. அந்தத் தாமதம் தொழிலிலேயே பிறப்பது. கடையின் பயனில் பாதி அதுதான் என்பது என் முடிவு.

2. தாமதம் பிறக்கும் இடம்

மைதாவைப் பிசைந்ததும் வீச முடியாது. மாவின் பசைத்தன்மை இறுகி நிற்கும். இழுத்தால் சுருங்கும், மீறினால் கிழியும். எண்ணெய் தடவி, ஈரத்துணி மூடி ஊறவிட்டால்தான் உருண்டை இளகும். மாஸ்டர் அதைத் தட்டி, மேசைமேல் வீசி, அடுத்த பக்கம் தெரியும் அளவுக்கு மெல்லிதாக்கி, மடிப்பு மடிப்பாகச் சேர்த்துச் சுருட்டி வைக்கிறார். சுருட்டியதும் சற்று ஊற வேண்டும். இத்தனைக்கும் பிறகே கல்.

கல்லோ ஒன்று. ஓர் ஈடு வெந்து இறங்கினால்தான் அடுத்த ஈடு ஏறும். இடையில் ஒருவர் கொத்துப் பரோட்டா கேட்டுவிட்டால் கல்லில் பாதி அதற்குப் போய்விடும். வெந்தவற்றை அடுக்கி, இரு உள்ளங்கைகளாலும் பக்கவாட்டில் அடிப்பது கடைசி வேலை. அந்த அடியில்தான் அடுக்குகள் பிரிகின்றன. சால்னா உள்ளே இறங்க வழி கிடைக்கிறது. ஆறியபின் அடித்தால் பிரியாது, நொறுங்கும். ஆகவே முன்கூட்டியே போட்டு அடுக்கிவைக்கும் கடை வேகமாகப் பரிமாறலாம்; அது பரிமாறுவது வேறு பண்டம்.

3. விலை

இந்தச் சாப்பாட்டின் மலிவுக்கு மைதா ஒரு காரணம். பெரிய காரணம் சால்னா. தேங்காய், சோம்பு, தக்காளி, வசதியிருந்தால் எலும்பு சேர்த்துக் கொதிக்கும் அதற்குத் தனி விலை இல்லை. “அண்ணே, சால்னா” என்றால் வாளி வருகிறது. இரண்டே பரோட்டாவில் ஒருவர் வயிறு நிறைய எழுந்திருக்க முடிவது இதனால்தான்.

4. காத்திருப்போர்

சுமைதூக்குபவர், ஆட்டோ ஓட்டுநர், கடைசி நடையை முடித்த நடத்துநர், விடியற்காலைப் பூச்சந்தைக்காக இரவே வந்து இறங்கியவர். இவர்களுக்கு இந்நேரத்தில் உட்கார வேறு இடம் ஏது? பேருந்து நிலைய பெஞ்சில் படுத்தால் எழுப்பிவிடுவார்கள். இங்கே ஆர்டர் சொன்னவர் காத்திருக்கும் நேரம் முழுதும் பெஞ்சு அவருடையது. யாரும் ஏனென்று கேட்பதில்லை. எனக்கு இது சிறிய விஷயமாகத் தோன்றவில்லை.

5. நேரச் சட்டம்

2019இல் தமிழக அரசு கடைகளை 24 மணி நேரமும் திறக்க அனுமதித்தது. 2022இல் அதை நீட்டித்தது. ஆனால் அந்த ஆணை 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்கானது. மாஸ்டர், சப்ளையர், கல்லாவில் முதலாளி, பாத்திரம் கழுவ ஒருவர் என நடக்கும் கடை அந்தக் கணக்கில் வராது. பெரிய கடைக்குக் கிடைத்த இரவு இந்தச் சிறு கடைகளுக்கும் கிடைக்க வேண்டும். அதே ஆணை ஊழியருக்கு வலியுறுத்தும் வார விடுமுறையும், இரவெல்லாம் நின்றே மாவு வீசும் மாஸ்டருக்கு அதோடு சேர்ந்தே வர வேண்டும்.