நலிந்தோர் காப்பு: பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களும் கொரோனாப் பெருந்தொற்றும்

தொற்றினால் உயிரிழக்கும் வாய்ப்பு மிகுந்தவர்களிடம் கிருமி சென்று சேராமல் தடுக்கும் ஏற்பாடுகளே நலிந்தோர் காப்பு எனப்படும். முதியோர், நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளோர், சிறுநீரக நோயாளிகள், கருவுற்ற பெண்கள் ஆகியோர் இந்த வரையறைக்குள் வருவர். தொற்றியவரை முந்திக் கண்டறியும் பரிசோதனையும், தொற்றுக்கு முன்பே எதிர்ப்புத்திறன் தரும் தடுப்பூசியும் இதன் இரு வழிகள். சுண்ணாம்புக்குளம் போன்ற மீனவர் ஊர்களின் வாழ்நிலையில் இவை எப்படிப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை கூறுகிறது.

இடமும் தொழிலும்

சுண்ணாம்புக்குளம் திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில், பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் உள்ளது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்திலும் தென்பகுதி தமிழ்நாட்டிலும் அமைந்துள்ளன. இறாலும் நண்டும் மடவையும் இங்கு முக்கியமான பிடிப்புகள். எந்த நாளில் யார் எந்த இடத்தில் வலை போடுவது என்பதை ஏரிக்கரை ஊர்கள் ‘பாடு’ முறையில் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றன. முறை தவறியவரைத் தண்டிக்கும் அதிகாரம் ஊர்ப் பஞ்சாயத்துக்கு உண்டு. 2020இல் தமிழகக் கடலோரத்தில் பல ஊர்கள் அரசு சொல்லும் முன்பே வழியில் தடுப்புக் கட்டி வெளியாரை நிறுத்தியது இத்தகைய ஊர்க்கட்டுப்பாட்டின் வலிமையால்தான்.

தடுப்புக் கட்டலாம், விற்பனையை நிறுத்த முடியாது. இறால் கரையேறிய சில மணி நேரத்துக்குள் ஐஸுக்குப் போயாக வேண்டும். ஏலம் எடுக்க வியாபாரி வர வேண்டும், கூடை சுமக்கும் பெண்கள் ஆரம்பாக்கத்துக்கோ கும்மிடிப்பூண்டிக்கோ போக வேண்டும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலைகளுக்கு வேலைக்குப் போகும் இளைஞர்கள் மாலையில் வீடு திரும்புவார்கள். எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டினால் ஆந்திரத்தின் தடா. உறவும் வணிகமும் இரு மாநிலத்திலும் இருக்க, ஏரியின் நடுவே ஓடும் எல்லையில் ஊரடங்குக் காலத்தில் இ-பாஸ் கேட்க ஆள் இருக்கவில்லை. இப்படி வெளியே போய்வந்தவர் தங்கும் ஒன்றிரண்டு அறை வீட்டில்தான் எழுபது வயதுத் தாயும் இருக்கிறார். அவர் படுத்திருக்கும் இடத்துக்கும் மகன் சாப்பிட உட்காரும் இடத்துக்கும் இடையில் சுவர் கிடையாது.

யாருக்கு ஆபத்து

2020 ஜூலையில் நடுவண் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட கணக்குப்படி, மக்கள்தொகையில் ஏறக்குறைய 25 விழுக்காடாக உள்ள 45 வயதுக்கு மேற்பட்டவர்கள் கொரோனா இறப்புகளில் 85 விழுக்காட்டினராக இருந்தனர். 60 வயதைத் தாண்டியோர் பத்தில் ஒருவர். இறந்தோரில் பாதிக்கும் மேல் அவர்களே. இளையோரை வெளியே விட்டு முதியோரை மட்டும் காத்தால் போதும் என்ற கருத்து இத்தகைய வயது வேறுபாட்டிலிருந்துதான் பிறந்தது. 2020 அக்டோபர் தொடக்கத்தில் அமெரிக்காவில் வெளியான கிரேட் பாரிங்டன் அறிக்கை இதை வெளிப்படையாக முன்வைத்தது. சில நாட்களில் ஜான் ஸ்நோ பெயரிலான மறுப்பறிக்கை வந்தது. சமூகம் முழுக்கக் கிருமி பரவிக்கொண்டிருக்கையில் ஒரு பகுதியினரை மட்டும் பிரித்துவைக்க முடியாது என்பது அதன் வாதம்.

ஏரிக்கரையிலிருந்து பார்த்தால் மறுப்பறிக்கையின் பக்கமே நியாயம் இருக்கிறது. தனி அறையும் வீட்டுக்கே வந்துசேரும் மளிகையும் உள்ளவர்களை மனத்தில் வைத்து எழுதிய யோசனையை இங்கே நடைமுறைப்படுத்த வழியில்லை. கேரளம் இதே எண்ணத்தைத் ‘தலைகீழ்த் தனிமைப்படுத்தல்’ என்ற பெயரில், உள்ளாட்சிகள் வழியே உணவும் மருந்தும் சேர்த்து, ஓரளவு திருத்தமாகச் செய்தது. அங்கும் மீனவர் ஊர்களே முதலில் திணறின. திருவனந்தபுரத்தை ஒட்டிய பூந்துறையில் மீன் வணிகத்தின் வழியே தொற்று பரவி, 2020 ஜூலையில் கமாண்டோக்களை நிறுத்தும் அளவுக்குப் போனது. மக்கள் தெருவில் இறங்கி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஜூலை 17 அன்று பூந்துறையிலும் புல்லுவிளையிலும் சமூகப் பரவல் ஏற்பட்டுவிட்டதாக முதல்வர் பினராயி விஜயன் அறிவித்தார்.

மீன் சந்தைகள் இப்படிச் சிக்கியது கேரளத்தில் மட்டுமல்ல. 2020 அக்டோபரில் கொழும்பை அடுத்த பேலியகொடை மத்திய மீன் சந்தை மூடப்பட்டது. இலங்கையில் மீன் வாங்க ஆளில்லாமல் போகவே, முன்னாள் மீன்வளத்துறை அமைச்சர் ஒருவர் செய்தியாளர் முன் பச்சை மீனைக் கடித்துக் காட்டினார். அதே ஆண்டு டிசம்பரில் தாய்லாந்தின் சமுத் சாகோன் இறால் சந்தையில் 67 வயது விற்பனைப் பெண்ணிடம் முதலில் கண்டறியப்பட்ட தொற்று, அடுத்த சில நாட்களில் நூற்றுக்கணக்கான மியன்மார்த் தொழிலாளர்களிடம் இருப்பது தெரிந்தது. கோளாறு மீனில் இல்லை. ஈரத்தில், நெருக்கத்தில், ஏலச் சத்தத்துக்கு மேல் குரலுயர்த்திப் பேசும் தொழில்முறையில் இருக்கிறது. சென்னையின் கோயம்பேடு மீன் சந்தையல்ல, காய்கறிச் சந்தை. அங்கும் நடந்தது இதுவே. 2020 மே 5 அன்று அது மூடப்பட்டு, வணிகம் திருவள்ளூர் மாவட்டத்தின் திருமழிசைக்கு மாறியது.

பரிசோதனை

தமிழ்நாட்டில் கொரோனாப் பரிசோதனையைத் தொடங்கிய முதல் ஆய்வகம் கிண்டி கிங் நிலையம். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்கத் தொடங்கப்பட்ட நிறுவனம் அது. 2020இல் பல மாநிலங்கள் விரைவு ஆன்டிஜென் சோதனைக்குத் தாவியபோது தமிழ்நாடு ஆர்டி-பிசிஆர் சோதனையையே பிடிவாதமாகப் பற்றி நின்றது. இதற்குக் காரணம் இருந்தது. 2020 ஜூனில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஒப்புதல் அளித்த ஆன்டிஜென் கருவி, தொற்று உள்ளவர்களில் 50.6 முதல் 84 விழுக்காட்டினரைத்தான் கண்டுபிடித்தது. இல்லை என்று அது சொன்னால் நம்ப முடியாது. ஆம் என்று சொன்னால் பெரும்பாலும் சரி.

மாநிலத்தின் கணக்குக்குப் பிசிஆர் பொருத்தமானது. ஏரிக்கரைக் குடும்பத்துக்கு அது மட்டும் போதாது. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரி ஆய்வகம் போய் முடிவு திரும்ப ஒன்றிரண்டு நாட்கள் ஆகும். அறிகுறி தெரிவதற்கு ஏறக்குறைய இரண்டு நாட்கள் முன்பிருந்தே ஒருவர் தொற்றைப் பரப்பத் தொடங்கிவிடுகிறார். முடிவு வரும்போது வீட்டிலுள்ள பாட்டிக்குத் தொற்று ஒட்டியிருக்கும். சந்தையிலிருந்து வருபவரை வாசலிலேயே அரை மணி நேரத்துக்குள் சோதிக்கும் கருவி, பாதிப் பேரைத் தவறவிட்டாலும், மீதிப் பாதியை அன்றே பிரித்துவிடும். அடிக்கடி செய்தால் தவறவிடுவது குறையும். வீட்டிலேயே செய்துகொள்ளும் முதல் இந்தியக் கருவிக்கு 2021 மே மாதம்தான் ஒப்புதல் கிடைத்தது. அப்போது அதன் விலை 250 ரூபாய். இரண்டாம் அலையின் உச்சத்தில், பாடு கிடைக்காத வாரத்தில், அந்தத் தொகையைக் கொடுத்துக் கருவி வாங்குகிற வீடு எது? தனித்திருக்கும் நாட்களுக்குக் கூலி ஈடு இல்லாத இடத்தில், சோதனைக்கு வராமல் இருப்பதுதான் ஏழையின் பார்வையில் அறிவுள்ள செயல். ஒரு குடும்ப அட்டைக்கு 2020இல் ஆயிரமும் 2021இல் நான்காயிரமும் அரசு கொடுத்தது. அவை ஊரடங்குக்கான உதவித்தொகை. சோதனையில் தொற்று உறுதியானவருக்கான ஈடு அல்ல.

இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் விரைவுக் கருவிகளின் கதை குறுகியது. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்தவை சரியாக வேலை செய்யவில்லை. தமிழ்நாடு தனக்கு வந்த 24,000 கருவிகளையும் திருப்பி அனுப்பியது. கருவி நன்றாக இருந்திருந்தாலும் நலிந்தோர் காப்புக்கு உதவியிருக்காது. தொற்று வந்து போனதைத்தான் அது சொல்லும், வந்துகொண்டிருப்பதைச் சொல்லாது.

எதிர்ப்பொருள் ஆய்வு பயன்பட்டது வேறு இடத்தில். 2020 அக்டோபர், நவம்பர் மாதங்களில் பொதுச் சுகாதாரத் துறை மாநிலம் முழுவதும் நடத்திய ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு எதிர்ப்பொருள் இருந்தது. அரசுப் பதிவில் ஏறிய தொற்றைப்போல் முப்பது மடங்குக்கும் மேல் தொற்று நிகழ்ந்திருந்தது என்பது இதன் பொருள். 2021 ஜூன், ஜூலையில் இந்த அளவு 66 விழுக்காடு ஆயிற்று. ஆனால் விருதுநகரில் 84, ஈரோட்டில் 37. மாநிலச் சராசரியைப் பார்த்து ஓர் ஊருக்குக் காப்பு வந்துவிட்டதாக முடிவுகட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த இரண்டு எண்கள் போதும்.

வீட்டுக்குள் எதிர்ப்புத்திறன்

நோயாளியின் வீட்டாருக்கு ஊசி வழியே காப்பு தருவதில் தமிழ்நாட்டுக்குப் பழைய அனுபவம் உண்டு. கொரோனாக் காலத்தில் அதை யாரும் அதிகம் நினைவுகூரவில்லை. 1960களில் சென்னையில் மருத்துவர் ஏ. ராமச்சந்திர ராவும் அவர் குழுவினரும் பெரியம்மை கண்ட 254 குடும்பங்களைப் பின்தொடர்ந்தனர். அம்மை குத்தாத உறவினரில் ஏறக்குறைய 37 விழுக்காட்டினருக்கு நோய் தொற்றியது. குத்திக்கொண்டவர்களில் நூற்றுக்கு ஒருவர் அளவே. நோயாளியைக் கண்டுபிடித்து அவரைச் சுற்றியிருப்போருக்குக் குத்திவிட்டு நோயை வளைத்துப் பிடிக்கும் முறை சென்னையில் பயன் தந்ததை உலகம் கவனித்தது. பெரியம்மைத் தடுப்பு மருந்து பரவலையே அறுத்ததால் இது முடிந்தது.

எல்லாத் தடுப்பு மருந்தும் அப்படி அமையாது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் 1968இல் தொடங்கிய பிசிஜி ஆய்வு, வயது வந்தோரின் நுரையீரல் காசநோயைத் தடுப்பதில் அந்த ஊசி பயனளிக்கவில்லை என்று காட்டியது. கொரோனா ஊசி இவ்விரண்டுக்கும் நடுவில் நின்றது. ஊசி போட்டவர்களையும் டெல்டா வகைக் கிருமி தொற்றியது. மரணத்தை ஊசி தடுத்தது. தமிழகக் காவல்துறையினர் 1,17,524 பேரின் பதிவுகளைத் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் ஆராய்ந்தது. 2021 ஏப்ரல், மே மாதங்களில் இறந்த 31 பேரில் 20 பேர் ஊசியே போடாதவர்கள். ஊசி போடாதவர்களோ படையில் ஏழில் ஒரு பங்குதான். இரண்டு தவணை போட்டுக்கொண்டவர்களின் மரண வாய்ப்பு 95 விழுக்காடு குறைந்திருந்தது. எனவே முதியவருக்கான ஊசியை முதியவருக்கே போட வேண்டும். சுற்றியிருப்பவர் போட்டுக்கொண்டால் போதும் என்று விட முடியாது. சுற்றியிருப்பவருக்குத் தேவைப்படுவது சோதனை.

60 வயதைக் கடந்தோருக்கு 2021 மார்ச் 1 அன்று ஊசி தொடங்கியது. ஏப்ரல் 17 அன்று நடிகர் விவேக் இறந்தார். ஊசி போட்ட மறுநாள் அவருக்கு மாரடைப்பு வந்திருந்தது. ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லை என்று தேசியக் குழு பின்னர் அறிவித்தது. அதற்குள் பல ஊர்களில் அச்சம் பரவிவிட்டது. அந்தத் தயக்கத்தை உடைத்ததில் 2021 செப்டம்பர் 12 முதல் நடந்த மெகா முகாம்களுக்குப் பங்குண்டு. முதல் நாளே 40,000 இடங்களில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஊசி போட்டுக்கொண்டனர். ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறும் மதுவும் உண்டவர்கள் ஊசிக்கு வரத் தயங்குகிறார்கள் என்று கண்டு, அமைச்சர் மா. சுப்பிரமணியன் முகாமைச் சனிக்கிழமைக்கு மாற்றினார். சிரிக்கத் தோன்றும், ஆனால் மக்களின் நாட்காட்டியைப் பார்த்து அரசு தன் நாளை மாற்றிக்கொண்ட அரிதான நேரம் அது. இரவில் வலைக்குப் போய் விடியலில் கரையேறும் ஊர்களுக்கு நேரத்தையும் அப்படி மாற்றியிருக்கலாம்.

சுற்றியிருப்பவருக்கான சோதனையோ பின்னர் சுருங்கியது: 2022 ஜனவரி 10 அன்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் சோதனை விதியைத் தளர்த்தியது. தொற்றியவருடன் தொடர்பில் இருந்தோரில் முதியோருக்கும் இணைநோய் உள்ளோருக்கும் மட்டும் சோதனை போதும் என்றது. நலிந்தவரைச் சோதித்தால் சிகிச்சை முந்திக் கிடைக்கும், அது சரி. அவர் வீட்டுக்குக் கிருமியைக் கொண்டுவரும் கூடைக்காரப் பெண்ணும் ஆலைத் தொழிலாளியும் அந்த விதியில் விடுபட்டுப் போனார்கள்.

உலக நலவாழ்வு அமைப்பு 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலையை முடித்துக்கொண்டது; அந்தக் காலத்தில் தொடங்கிய ஓர் ஏற்பாடு நிற்கவில்லை. நீரிழிவும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு வீட்டுக்கே மருந்து கொண்டுசெல்லும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்ட் 5 முதல் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. அடுத்த பெருந்தொற்றின்போது ஏரிக்கரை ஊர்களில் சுகாதாரத் துறை முதல் நாளே கையிலெடுக்க வேண்டியது அந்தத் திட்டத்தின் பயனாளர் பதிவேட்டைத்தான்; அதில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்த வீட்டிலிருந்து தினமும் வெளியே போய்வருபவர் யார் என்ற குறிப்பையும் இப்போதே சேர்க்க வேண்டும்.