அடுக்கக உரிமை

அடுக்கக உரிமை என்பது, ஒரே கட்டடத்திலுள்ள வீடுகள் தனித்தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமாகவும், நிலம், அடித்தளம், மொட்டைமாடி, படிக்கட்டு, மின்தூக்கி முதலியன அனைவருக்கும் பொதுவாகவும் அமையும் சொத்து முறையாகும். வீட்டின் மீதான தனியுரிமையும் பொதுப் பகுதிகளிலுள்ள பங்கும் இணைந்தே கைமாறும்.

நிலத்தின் மேல் எழும் கட்டடம் நிலத்துக்குரியவரையே சேரும் என்பது பண்டைய ரோமானியச் சட்டக் கொள்கையாதலால், மண்ணைத் தொடாத மாடி வீட்டுக்குத் தனி உரிமையாளர் என்னும் கருத்து அதில் எளிதில் பொருந்தவில்லை. ஆயினும் 1804-இல் வெளியான பிரெஞ்சு உரிமையியல் சட்டத் தொகுப்பின் 664-ஆம் பிரிவு, மாடிக்கொருவராக வாழும் வழக்கத்தை ஏற்று, முதன்மைச் சுவர்களையும் கூரையையும் அனைவரும் தத்தம் மாடியின் மதிப்புக்கேற்பவும், தளத்தை அந்தந்த மாடிக்குரியவரும் செப்பனிட வேண்டுமென வகுத்தது. பழுதுபார்ப்பைப் பற்றி மட்டுமே பேசிய இவ்விதி, பொதுப் பகுதிகளின் நிர்வாகத்தைத் தொடவில்லை. அதற்கான தனிச் சட்டங்களைப் பெல்ஜியம் 1924-லும் பிரான்ஸ் 1938-லும் இயற்றின. அமெரிக்காவில் 1961-இன் வீட்டுவசதிச் சட்டம் இத்தகைய வீடுகளின் அடமானக் கடனுக்குக் கூட்டாட்சி அரசின் காப்பீட்டை அளித்ததால் இம்முறை மாநிலங்கள்தோறும் பரவியது. அதே ஆண்டில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உரிமை ஆவணம் வழங்கும் முறையைச் சட்டமாக்கியது; சிங்கப்பூர் 1967-இல் அவ்வழியைப் பின்பற்றியது.

இந்தியாவில் மகாராஷ்டிரம் 1970-லும் தமிழ்நாடு 1994-லும் அடுக்கக உரிமைச் சட்டங்களை இயற்றின. தமிழ்நாட்டின் நடைமுறையிலோ நிலமே நெடுங்காலம் முதலிடம் பெற்றது: மனையில் 'பிரிபடாத பாகம்', அதாவது எல்லை பிரித்துக் காட்ட இயலாத பங்கு, கிரயப் பத்திரத்தின் வழியாக வாங்குபவர் பெயருக்கு மாற்றப்பட, வீடு கட்டித் தருவதற்குத் தனியே கட்டுமான ஒப்பந்தம் எழுதப்பட்டது. நான்கு கிரவுண்டு, அதாவது 9,600 சதுர அடி மனையில் சம அளவுள்ள 12 வீடுகள் அமைந்தால், ஒவ்வொன்றுக்கும் 800 சதுர அடி பாகம் சேரும்.

கட்டடம் முதுமையடைந்து தேய, மனையின் மதிப்பு பெரும்பாலும் உயர்வதால், இடித்துக் கட்டும் காலத்தில் இப்பாகமே உரிமையாளரின் முதன்மைச் சொத்தாகிறது. இடித்துக் கட்டும் முடிவை எடுப்பவர் யார் என்னும் வினாவுக்கு, 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டம், 2022, உரிமையாளர்களில் மூன்றில் இரு பங்கினரின் ஒப்புதல் போதுமென விடையளித்தது. இதன்படி, ஒரு வீட்டின் தனியுரிமை அக்கட்டடத்தின் ஆயுளளவும் மட்டுமே தனித்து நிற்கிறது. அதற்குப் பின் பெரும்பான்மையினரின் முடிவுக்கு அது கட்டுப்பட்டதாகிறது.