சுவரும் ஒரு கல்வெட்டுதான்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரில், கீழையூர் வீரட்டானேஸ்வரர் கோயிலில் முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கபிலர் தீப்புகுந்த செய்தியைச் சொல்லும் கல்வெட்டு அது. அது நமக்குத் தெரியக் காரணம், யாரோ ஒருவர் மையும் தாளும் கொண்டுவந்து மைப்படி எடுத்ததுதான். 1886-ல் சென்னை அரசாங்கம் ஹுல்ஷ் என்ற ஜெர்மானியரைக் கல்வெட்டு ஆய்வாளராக நியமித்தது. 1890-ல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதி வந்தது. அப்படிப் படியெடுத்த கல்வெட்டுகளில் பல, பிறகு திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்பிலும் சிமெண்டிலும் மறைந்துபோயின. கல் போனாலும் படி மிஞ்சியது.

ஆயிரம் வருடத்துக் கல்லுக்கு இந்தக் கவனம் கிடைத்தது. நம் அப்பன், பாட்டன் வேலை பார்த்த ஆலைக்கு?

நாம் முன்பு இருந்த தென்னார்க்காடு மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1830-ல் ஜோசையா மார்ஷல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். தாது சேலம் பக்கத்திலிருந்து வந்தது. உலைக்கு எரிபொருள் மரக்கரி. அந்த இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறி, வேல்ஸில் பிரிட்டானியா பாலம் கட்டும்வரை போனது. ஆனால் கரிக்காகக் காடுகள் அழிந்தன, செலவு ஏறியது, கம்பெனி கைமாறி நொடித்தது. ஆலை தொடங்கியபோது புகைப்படக் கலை உலகுக்கே அறிமுகமாகவில்லை. அது 1839-ல்தான் வந்தது. 1858 வாக்கில் லின்னேயஸ் ட்ரைப் சென்னை அரசாங்கத்துக்காகக் கேமராவோடு சுற்றியபோது, அவர் தொகுதிகளில் நிறைந்தவை மதுரை, தஞ்சாவூர், திருச்சிக் கோயில்களும் கோட்டைகளும் அரண்மனைகளும். உலைக்களத்தை யார் படமெடுப்பார்கள்?

சென்னைப் பெரம்பூரின் பின்னி மில்லும் இப்படித்தான். 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது அந்த மில் தொழிலாளர்களால். பி.பி.வாடியாவும் திரு.வி.க.வும் நின்ற களம் அது. 1996-ல் மில் மூடப்பட்டது. பிறகு அந்தக் கூடங்கள் சினிமாப் படப்பிடிப்புத் தளமாயின. வில்லனின் கிடங்காகப் பல படங்களில் நீங்கள் பார்த்த இடம், இந்தியத் தொழிற்சங்க வரலாற்றின் பிறந்த வீடு என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜெர்மனியில் பெர்ன்ட் பெக்கர், ஹில்லா பெக்கர் என்று ஒரு தம்பதி. 1959 முதல் பல பத்தாண்டுகள் அவர்கள் எடுத்ததெல்லாம் தண்ணீர்த் தொட்டிகள், ஊதுலைகள், சுரங்கக் கோபுரங்கள். அழகுக்காக இல்லை, ஒரே மாதிரி நேர் எதிரே நின்று, பதிவேடு எழுதுவதுபோல எடுத்தார்கள். அவர்கள் நாட்டில் 1986-ல் மூடிய சோல்வரைன் நிலக்கரிச் சுரங்கம் 2001-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பாழடைந்த ஆலைக்கும் வரலாறு உண்டு என்று ஒரு சமூகம் ஒப்புக்கொண்டால் இப்படியும் நடக்கும்.

சுவரெழுத்தும் அப்படித்தான். 1953 ஜூலை 15-ல் டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகை மேல் "கல்லக்குடி" என்ற தாளைக் கலைஞர் ஒட்டினார். ஒரு சிமெண்ட் ஆலை முதலாளியின் பெயரை ஊர் தன் பெயரால் மூடிய போராட்டம் அது. ஒரு பலகை, ஒரு தாள், கொஞ்சம் பசை, அரசியல் மாறியது. சுவரை அசிங்கப்படுத்தக் கூடாது என்று 1959-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் கட்சிக்காரர்கள் அடுத்த தேர்தல் வருடத்தைப் போட்டு "ரிசர்வ்" என்று சுவரைப் பிடித்துவைத்ததை நாமெல்லாம் பார்த்தோம். குடும்பக் கட்டுப்பாட்டின் சிவப்பு முக்கோணம், பீடி, பல்பொடி, உர விளம்பரம், நீலத்தில் சினிமா பெயர்... எல்லாம் கையால் எழுதியவை. பிளெக்ஸ் வந்ததும் அந்த ஓவியர்களின் பிழைப்பும் போனது, எழுத்தும் போனது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன். 2019 நவம்பர் 26-ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. அலுவலகங்கள், மனைப்பிரிவுகள், கடை வளாகங்கள் என்று ஊர் வளர்கிறது. வளரட்டும், மகிழ்ச்சியே. ஆனால் இடிபடுவது எது? ஊறல் தொட்டியும் நெற்களமும் உயரமான புகைபோக்கியும் கொண்ட பழைய அரிசி ஆலைகள். சின்னசேலம் பக்கத்துப் பழைய சவ்வரிசி ஆலைகள். இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு நின்றதால் சேலத்தில் பிறந்த தொழில் அது. கல்வராயன் மலையின் மரவள்ளிக் கிழங்கு இறங்கிவந்து இந்த ஆலைகளில்தான் அரைபட்டது. ஜாகிர்தார்களின் கீழ் இருந்து 1976-ல் விடுபட்ட அந்த மலை மக்களின் உழைப்பு எழுத்தில் அதிகம் இல்லை. அரைத்த தொட்டியும் காயவைத்த களமும்தான் அதற்குச் சாட்சி.

ஆகவே மாணவச் செல்வங்களே, எல்லோர் கையிலும் இன்று கேமரா இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். உரிமையாளரிடம் அனுமதி கேளுங்கள். இற்றுப்போன கூரையின் கீழ் போகாதீர்கள். செல்ஃபி வேண்டாம். நேராக நின்று நான்கு பக்கமும் எடுங்கள். அளவு தெரிய ஓர் ஆளை நிறுத்துங்கள். சுவரில் எழுத்திருந்தால் பாதி அழிந்திருந்தாலும் எழுத்தெழுத்தாக எடுங்கள். தேதி, ஊர், தெரு குறித்துவையுங்கள். முக்கியமாக, அங்கே வேலை பார்த்த அம்மா, ஐயா யாராவது இருந்தால் உட்கார்ந்து கேளுங்கள்: எத்தனை மணிக்குச் சங்கு ஊதும், கூலி எவ்வளவு, களத்தில் நெல் கிளறியது யார், ஆலை ஏன் நின்றது. அவர்கள் சொல் இல்லாத படம் வெறும் பாழ்ச்சுவர்தான்.

எடுத்ததை இரண்டு இடத்தில் சேமியுங்கள். ஒரு பிரதியை ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். புல்டோசர் நமக்காகக் காத்திருக்காது. இந்த மாதமே தொடங்குங்கள்.