மறைநூலும் சமய ஏடுகளும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே மலையை வலம் வருவோர் ரமணாசிரமத்தைக் கடந்தே செல்கின்றனர். உள்ளே நுழைவோரில் பலர் சமாதி மண்டபத்தையும் பழைய கூடத்தையும் கண்டபின் புத்தக நிலையத்தில் சிறிது நேரம் நிற்பதுண்டு. மகரிஷி இயற்றிய பாக்கள், அன்பர்கள் எழுதி வைத்த உரையாடல்கள், வாழ்க்கை வரலாறுகள், 1964-இல் தொடங்கிய ஆங்கில இதழின் தொகுதிகள் ஆகியன அங்கே அடுக்கடுக்காக உள்ளன. அவை அனைத்தும் ஒருவரைப் பற்றியனவே. ஆயினும் அவை அனைத்திற்கும் ஒரே அதிகாரம் உண்டோ?

இவ்வினா அவ்வாசிரமத்திற்கு மட்டும் உரியதன்று. நம் பங்குகளில் காட்சி கண்டோரின் ‘செய்திகள்’ துண்டறிக்கைகளாகவும், இன்று கைப்பேசி வழியாகவும் இல்லந்தோறும் வருகின்றன. இத்தனை பேருக்கு அனுப்பாவிடில் தீங்கு நேரும் என்று அச்சுறுத்துவனவும் அவற்றுள் உண்டு. ‘புத்தகத்தில் போட்டிருக்கிறதே, சாமி!’ என்று அவற்றை நற்செய்திக்கு நிகராக எடுத்துக்காட்டும் எளிய உள்ளங்களை நாம் காண்கிறோம். ஆகவே அண்டை வீட்டாரின் வரலாற்றிலிருந்து சிறிது பாடம் கற்போம்.

பதினான்கு வினாக்கள்

1902-ஆம் ஆண்டளவில் தென்னார்க்காடு மாவட்ட வருவாய்த் துறையில் பணிபுரிந்த சிவப்பிரகாசம் பிள்ளை, விருபாட்ச குகையில் இளந்துறவியாயிருந்த ரமணரைக் கண்டார். ரமணர் அப்போது பேசுவதில்லை; அது நோன்பு அன்று, பேச விருப்பம் எழாமையே. பிள்ளையின் வினாக்களுக்குச் சைகையாலும், அது விளங்காதபோது எழுத்தாலும் விடை தந்தார். பிள்ளை தம் நினைவிலிருந்து பதிந்து வைத்தவை பதினான்கு வினாக்களும் அவற்றிற்கான விடைகளும். அவை 1923-இல் அச்சேறின. அதுவே ‘நான் யார்?’ என்னும் சிறு நூல். பின்வந்த பதிப்புகளுள் சிலவற்றில் இருபத்தெட்டு வினாக்கள், சிலவற்றில் முப்பது. வினாக்களே இன்றிக் கட்டுரையாக அமைந்த வடிவமும் உண்டு. உயிரோடிருந்த ஓர் ஆசிரியரின் ஒரு சிறு நூலே கால் நூற்றாண்டுக்குள் இத்தனை வடிவம் கொண்டதெனில், அச்செழுத்து என்பதே ஐயமறு சான்றாகிவிடாது என்பது தெளிவு.

உரையாடல்களின் நிலை இன்னும் சிந்திக்கத்தக்கது. 1935 முதல் 1939 வரை கூடத்தில் நிகழ்ந்தவற்றை முனகால வேங்கடராமையா ஆங்கிலத்தில் குறித்தார். அது நூலாக வந்தது 1955-இல். ரமணர் 1950 ஏப்ரல் 14 அன்றே மறைந்திருந்தார். 1945-ஐ அடுத்த ஆண்டுகளில் தேவராஜ முதலியார் ஆங்கிலத்தில் நாட்குறிப்பு எழுத, சூரி நாகம்மா தெலுங்கில் தம் தமையனாருக்குக் கடிதங்கள் வரைந்தார். இவற்றைத் தமிழில் படிப்பவர், தமிழில் கூறப்பட்ட மொழி வேறொரு மொழிக்குச் சென்று மீண்டும் தமிழுக்கு வந்ததையே பல இடங்களில் படிக்கிறார். எழுதியோரின் நேர்மையில் நமக்கு ஐயமில்லை. கேட்டவரின் செவியும், மொழியும், விருப்பமும் எழுத்தில் படிந்தே தீரும் என்பதே நாம் கூற வருவது.

இவ்வேறுபாட்டை ஆசிரமமே உணர்ந்திருந்தது. ‘உள்ளது நாற்பது’, ‘உபதேச உந்தியார்’ முதலாய் ரமணர் தாமே இயற்றியவற்றையும் மொழிபெயர்த்தவற்றையும் ‘நூற்றிரட்டு’ எனத் தனியே தொகுத்தனர். உரையாடல் குறிப்புகள் வேறு நூல்களாயின. வைதிக மரபு சுருதி வேறு, ஸ்மிருதி வேறு என்று பண்டே பிரித்தது. நூல்களைத் தரம் பிரித்தறிவது பக்திக் குறைவன்று. பக்தியின் ஒழுங்கே ஆகும்.

நம் முன்னோர் செய்தது

இங்கு ஒருவர் வினவலாம்: ‘நற்செய்திகளும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை அன்றோ? ஆண்டவர் பேசியது அரமேயம். நம் கையில் இருப்பது கிரேக்கம். அவ்வாறாயின் வேறுபாடு யாது?’ இது நேர்மையான வினா, மழுப்புதல் தகாது. கண்ணால் கண்டோர் அறிவித்தவற்றை ஆராய்ந்து எழுதியதாகத் தூய லூக்காவே தம் முன்னுரையில் கூறுகிறார். நற்செய்தியாளர்கள் வாய்மொழியாகவும் எழுத்தாகவும் வந்தவற்றுள் தேர்ந்தெடுத்து எழுதினர் என்று, 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடும் ஏற்கிறது. எனவே மனிதக் கை பட்டதா படவில்லையா என்பதன்று வேறுபாடு. தூய ஆவியாரின் தூண்டுதலால் எழுந்தவை எவை என்பதைத் திருச்சபை முழுவதும் தன் வழிபாட்டில் கேட்டு, திருத்தூதர்களின் நம்பிக்கையோடு ஒப்பிட்டு, தலைமுறை தலைமுறையாய்த் தேர்ந்து ஏற்றது. வேறுபாடு அங்கேதான்.

அத்தேர்வு எளிதாக நடைபெறவில்லை. உரோமை ஆயர் கிளமெந்து கொரிந்தியருக்கு எழுதிய மடல், இரண்டாம் நூற்றாண்டில் அந்நகரின் ஞாயிறு வழிபாட்டில் வாசிக்கப்பட்டது. எர்மா எழுதிய ‘மேய்ப்பர்’ நான்காம் நூற்றாண்டின் சீனாய்ச் சுவடியில் புதிய ஏற்பாட்டோடு சேர்த்தே எழுதப்பட்டுள்ளது. ஆயினும் முராத்தோரி பட்டியல் ‘மேய்ப்ப’ரைப் படிக்கலாம் என்று கூறி, இறைவாக்கினர், திருத்தூதர் நூல்களோடு சபையில் வாசிக்கலாகாது என வரம்பிட்டது. 367-இல் தூய அத்தனாசியார் புதிய ஏற்பாட்டின் இருபத்தேழு நூல்களை வரிசைப்படுத்தியபோது, ‘மேய்ப்ப’ரைப் புதிதாக மறை கற்போர் படிக்கத்தக்க நூலாகத் தனியே வைத்தார். அதை அவர் தீயிலிடவுமில்லை, பீடத்தில் ஏற்றவுமில்லை. இந்த நடுநிலையே நாம் பெற்ற பெருஞ்செல்வம்.

தமிழகத் திருச்சபையும் இதனை அறியும். வீரமாமுனிவர் 1726-இல் முடித்த ‘தேம்பாவணி’ தூய சூசையப்பரைப் பாடும் 3,615 பாக்களைக் கொண்டது. அதன் கதைப்போக்கு, ஸ்பெயின் நாட்டுத் துறவி ஆகிரேதா மரியாவின் தனிக்காட்சி நூலைத் தழுவியது. அக்காவியத்தை நாம் போற்றுகிறோம். ஆயினும் அதிலிருந்து வாசகம் எடுத்துத் திருப்பலியில் அறிவிப்பதில்லை. தனி வெளிப்பாடுகள் நம்பிக்கைக் கருவூலத்தைச் சேர்ந்தவை அல்ல. அந்தந்தக் காலத்தில் கிறிஸ்துவின் வெளிப்பாட்டை நிறைவாக வாழ உதவுவதே அவற்றின் பணி என்கிறது 1992-இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல். ஆசிரியப் பணியாளரும் இறைவார்த்தைக்கு மேற்பட்டவர் அல்லர், அதன் ஊழியரே எனச் சங்கம் கூறுமெனில், துண்டறிக்கை எம்மாத்திரம்? நீங்கள் இப்போது படிக்கும் இவ்விதழுந்தான் எம்மாத்திரம்?

ஆகவே எந்தச் சமய ஏடு கைக்கு வந்தாலும் சிலவற்றைக் கேட்டுப் பார்ப்போம். இதை எழுதியவர் யார்? தாமே கண்டு எழுதினாரா, பிறர் சொல்லக் கேட்டு எழுதினாரா? யார் இதைச் சரிபார்த்தார்? இது நம்மை அன்புக்கு இட்டுச் செல்கிறதா, அச்சத்திற்கா? எல்லாவற்றிற்கும் மேலாக, இது நற்செய்திக்குப் பணிகிறதா, அல்லது நற்செய்தி சொல்லாததைத் தான் சொல்ல வந்ததாகப் பெருமை கொள்கிறதா? நூல்களின் நோக்கம் உணர்ந்தபின் மேன்மேலும் படித்துக்கொண்டேயிருப்பதில் பயனில்லை என்று ‘நான் யார்?’ நூலிலேயே ரமணர் அறிவுறுத்துகிறார். கொல்லும் எழுத்தையும் உயிர் தரும் ஆவியையும் பிரித்துணர்த்திய தூய பவுலின் பிள்ளைகளாகிய நமக்கு இச்சொல் அந்நியமன்று.

திருப்பலியில் மற்ற வாசகங்களை அமர்ந்து கேட்கும் நாம், நற்செய்திக்கு மட்டும் எழுந்து நிற்கிறோம். விழா நாள்களில் மெழுகுதிரியும் தூபமும் அதற்கு முன் செல்கின்றன. ‘கிறிஸ்துநாதர் அநுசாரம்’ போன்ற அரிய நூலுக்கும் அவ்வாறு எழுந்து நிற்பதில்லை. அதை அமர்ந்து படித்தே பயன் பெறுகிறோம். எதற்கு எழுவது, எதை அமர்ந்து படிப்பது என்பதை வழிபாடு நம் உடலுக்கே கற்பித்துள்ளது. உள்ளமும் அதைக் கற்றுக்கொள்வதாக.