ஏரிக்கு உரம் போட்ட விஞ்ஞானி



பயிருக்கு உரம் போடுவோம். ஏரித் தண்ணீருக்கு யாராவது உரம் போடுவாங்களா? கனடா நாட்டிலே ஒருத்தர் போட்டார். வருஷம் தவறாமல் போட்டார். அவர் பெயர் டேவிட் ஷிண்ட்லர். 1940-ல் அமெரிக்காவில் பிறந்தவர். முதலில் பொறியியல் பக்கம் போனவர், பிறகு விலங்கியலுக்கு மாறினார். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டில் சார்லஸ் எல்டன் என்ற பெரிய அறிஞரிடம் படித்தார்.

அந்தக் காலத்தில் ஈரி என்ற பெரிய ஏரி பச்சைப் பசேலென்று பாசி பிடித்து நாறிக் கிடந்தது. நீங்களும் பார்த்திருப்பீங்க, பாசி மண்டிய குளத்தில் விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சுக்குத் தவிக்கும். ராத்திரியில் பாசியும் மூச்சு விடும். செத்த பாசி அழுகும்போதும் தண்ணீரில் இருக்கிற பிராணவாயு தீர்ந்து போகும். அதனால்தான் அந்தத் தவிப்பு.

பாசிக்குத் தீனி எது? சாக்கடையும் சலவைத் தூளும் வயல் உரமும் கொண்டு வருகிற மணிச்சத்துதான் என்று சிலர் சொன்னார்கள். சலவைத் தூள் கம்பெனிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கரிச்சத்துதான் காரணம் என்றார்கள். ஆய்வுக்கூடத்தில் பாட்டிலில் தண்ணீர் வைத்துப் பார்த்த சோதனைகளும் அவங்க பக்கமே பேசின. பாட்டில் வேறு, ஏரி வேறு என்பது ஷிண்ட்லரின் கட்சி. ஏரி காற்றோடு உறவாடுகிறது, பாட்டில் அப்படியில்லை.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்துக் காட்டுக்குள் 58 சிறு ஏரிகளை அரசாங்கம் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கியது. 1968 முதல் அதற்குப் பொறுப்பு ஷிண்ட்லர். ஏரிகளுக்குப் பெயர் இல்லை, நம்பர்தான். 227-ம் ஏரி சுமார் 12 ஏக்கர். தண்ணீரில் கரிச்சத்து மிகக் குறைவு. 1969-ல் அதிலே மணிச்சத்தும் தழைச்சத்தும் மட்டும் போட்டார்கள். பாசி பொங்கி வந்தது. வேண்டிய கரியைக் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டது!

அப்படியும் வாதம் அடங்கவில்லை. 1973-ல் 226-ம் ஏரிக்குப் போனார்கள். அது நடுவிலே சிறுத்து உடுக்கை மாதிரி இருக்கும். அந்த இடுப்பிலே கனமான பிளாஸ்டிக் திரையைக் கட்டி ஏரியை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் தழைச்சத்தும் சர்க்கரையும். சர்க்கரை எதுக்கு என்றால், கரிச்சத்துக்கு. இன்னொரு பக்கம் அதே இரண்டோடு மணிச்சத்தும். அந்தக் கோடையிலேயே மணிச்சத்து போட்ட பக்கம் பச்சையாக மாறிவிட்டது. திரைக்கு அந்தப் பக்கம் பழைய தண்ணீர் அப்படியே கறுத்த நிறத்தில். மேலிருந்து எடுத்த அந்தப் படம் 1974-ல் வெளியானது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். கனடா 1970-லேயே சலவைத் தூளில் மணிச்சத்தைக் குறைக்க ஆரம்பித்திருந்தது. தயங்கி நின்ற அமெரிக்க மாநிலங்களை அசைக்க இந்தப் படம் கைகொடுத்தது.

தழைச்சத்தை மட்டும் குறைத்தால் போதாதா என்று கேட்பீங்க. நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி விடுகிறவர்களுக்கு விடை தெரியும். அது காற்றிலிருக்கிற தழைச்சத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அதை வளர்க்கிற தொட்டியில் நாம யூரியாவா போடுகிறோம்? சூப்பர் பாஸ்பேட்தானே! மணிச்சத்து காற்றில் கிடையாது. 227-ம் ஏரியில் 1990 முதல் தழைச்சத்தை அறவே நிறுத்தியும் பாசி குறையவில்லை. 37 வருஷக் கணக்கை 2008-ல் அவர் கூட்டாளிகளோடு வெளியிட்டார். கடலோர நீருக்குத் தழைச்சத்தையும் குறைத்தாக வேண்டும் என்று வேறு விஞ்ஞானிகள் வாதாடினார்கள். அதுவும் நியாயமான பேச்சுதான்.

வயலுக்கு இடுகிற மணிச்சத்து மண்ணோடு ஒட்டிக்கொள்ளும் சுபாவம் உடையது. வரப்பு உடைந்து கலங்கல் ஓடுகிறபோது உங்கள் காசும் அந்தச் சேற்றோடு ஏரிக்குப் போகிறது. உரம் போட்ட கையோடு வரப்பைப் பாருங்கள்.

இன்னொரு ஏரியில், 1976 முதல், கந்தக அமிலத்தைச் சிறுகச் சிறுக ஊற்றிப் பார்த்தார் ஷிண்ட்லர். தொழிற்சாலைப் புகையால் அமில மழை பெய்துகொண்டிருந்த நேரம் அது. பெரிய டிரவுட் மீனை அமிலம் நேராகக் கொல்லவில்லை. அது தின்கிற பொடி மீனும் கூனியும் முதலில் அழிந்தன. டிரவுட் எலும்பும் தோலுமாகப் பட்டினி கிடந்தது.

1989-ல் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1991-ல் ஸ்டாக்ஹோம் தண்ணீர்ப் பரிசு முதன்முதலாக வழங்கப்பட்டபோது அவருக்கே கிடைத்தது. வயதான பிறகும் சும்மா இருக்கவில்லை. எண்ணெய் மணல் தோண்டும் தொழிலால் ஆற்றிலே நஞ்சு சேருகிறது என்று 2009, 2010-ல் கணக்கோடு காட்டினார்.

2012-ல் கனடா மத்திய அரசு அந்த ஏரி ஆராய்ச்சிக்குப் பணம் நிறுத்துவதாக அறிவித்தது. விஞ்ஞானிகளும் பொதுமக்களும் கூச்சல் போட்டார்கள். 2014-ல் வேறொரு நிறுவனம் பொறுப்பேற்று வேலையைத் தொடர்ந்தது. ஷிண்ட்லர் 2021 மார்ச்சில் காலமானார். அப்போதும் 227-ம் ஏரிக்கு மணிச்சத்து போய்க்கொண்டுதான் இருந்தது.