சிங்காரம் யாருக்கு?

மன்னர் எத்தனை போரில் வென்றார், எத்தனை மனைவியரை மணந்தார் என்பதையே வரலாறு என்று நெடுங்காலம் நமக்குக் கற்பித்துவிட்டார்கள். மக்கள் எந்தக் கூரையின் கீழ் உறங்கினார்கள், அந்த வீட்டுச் சுவரை அழகு செய்தது எது, அதை அங்கே ஆக்கி வைத்த கை யாருடையது என்று கேட்டால், "இதுவுமா வரலாறு?" என்று புருவத்தை நெரிப்போர் உண்டு. இதுவும் வரலாறுதான் தோழர்களே! ஏட்டிலே எழுதியவன் மறைத்ததை வீட்டின் உட்புறம் காட்டிக் கொடுத்துவிடும்.

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் புரட்டிப் பாருங்கள். பாண்டிமாதேவியின் பள்ளியறையை நக்கீரர் நம் கண்முன் நிறுத்துகிறார். செம்பினால் செய்ததைப் போன்ற நெடுஞ்சுவர். அதன்மீது பூங்கொடி ஓவியம். போரில் மாண்ட நாற்பது வயது யானையின் கொம்பினால் இழைத்த கட்டில். மேலே விண்மீன்களைத் தீட்டிய விதானம். அதே பாட்டின் தொடக்கத்திலே, மழையில் நனைந்த ஆயர்கள் கொள்ளி நெருப்பில் கையைக் காய்ச்சிக் கொண்டு, கன்னம் நடுங்க நிற்கிறார்கள். வாடைக்காற்று ஒன்றே, ஒருத்திக்கு யானைக் கொம்புக் கட்டில், மற்றவர்க்குக் கொள்ளிக் கட்டை! புலவர் இரண்டையும் ஒரே பாட்டில் வைத்தார். பின்வந்தோர் கட்டிலை வியந்தார்கள். கொள்ளிக் கட்டையை மறந்தார்கள்.

அந்த இரு காட்சிகளையும் அண்மைக் காலத்தில் அருகருகே காண வேண்டுமா? குளிர் குறையாத நீலமலைக்குச் செல்வோம்.

கோவை மாவட்ட ஆட்சியராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் கோத்தகிரிப் பக்கம் மலையேறினார். 1822-இல் உதகையில் கல்லால் ஒரு மாளிகை எழுப்பத் தொடங்கினார். 'கல் பங்களா' என்று மக்கள் அதற்குப் பெயரிட்டார்கள். தோடர்களின் நில உரிமைக்காக வாதாடியவரும் அவரே என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆயினும் அவரைப் பின்பற்றி வந்தோர் மலையைக் கண்டதும் விரும்பியது ஒன்றுதான்: இங்கிலாந்தை இங்கே இறக்கிவிட வேண்டும்! கணப்பு அடுப்பு வந்தது. கண்ணாடிச் சன்னல் வந்தது. கம்பளமும் திரைச்சீலையும் கடல் கடந்து வந்தன. அவற்றை எல்லாம் மலைச்சரிவில் சுமந்து ஏறிய தோள் மட்டும் கடல் கடந்து வரவில்லை. அது நம் தோள்.

உதகையில் புனித ஸ்டீபன் தேவாலயம் இருக்கிறது. 1829-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. உள்ளே நுழைவோர் அதன் உத்தரங்களை அண்ணாந்து பார்த்து வியப்பார்கள். அந்த மரங்கள் நீலமலையில் வெட்டியவை அல்ல. 1799-இல் போர்க்களத்தில் வீழ்ந்தானே திப்பு, அவனுடைய சீரங்கப்பட்டண அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை! யானைகளைக் கொண்டு மலைமேல் ஏற்றினார்கள். தோற்றவன் வீட்டு உத்தரம் வென்றவன் கூரைக்கு அழகு!

இன்னொரு கட்டடத்தையும் பார்ப்போம். 1830-களில் வில்லியம் ரம்போல்டு என்பவர் தங்கும் விடுதியாகக் கட்டியது, பின்னர் உதகை கிளப் ஆயிற்று. ஸ்னூக்கர் ஆட்டத்தின் விதிகளைச் சுவரில் எழுதித் தொங்கவிட்ட இடம் என்று உலகமே அதைப் பேசுகிறது. அந்தச் சுவர்களில் விதிகள் மட்டுமா தொங்கின? புலித்தலை, சிறுத்தைத்தலை, மான் கொம்பு! மைசூரில் வான் இங்கன் குடும்பத்தாரின் பட்டறை, வேட்டையாடியவர்களுக்காகச் செத்த விலங்குகளைப் பாடம் செய்து கொடுப்பதற்கென்றே பெயர் பெற்றிருந்தது. வெள்ளைத் துரையைப் பார்த்து நம் சமீன்தார்களும், சமீன்தாரைப் பார்த்து நம் செல்வர்களும் கூடத்துச் சுவரில் கொம்பு மாட்டினார்கள். 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அந்த வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. சுவரில் தொங்கிய தலைகள் 'நான் கொன்றேன், ஆகவே நான் பெரியவன்' என்று விருந்தினரிடம் சொல்லிக் கொண்டிருந்தன. அச்சுறுத்துவதையே அழகு என்று எண்ணிய காலம் அது!

இனி, மலையின் பழங்குடியாம் தோடரின் வீட்டுக்கு வருவோம். உதகையிலிருந்து கூடலூர் செல்லும் சாலையில் பைக்காரா இருக்கிறது. அந்தப் பக்கத்துப் புல்வெளிகள் தோடரின் எருமைகள் மேய்ந்த இடம். பைக்காரா ஆற்றை அவர்கள் புனிதம் என்று போற்றினார்கள். தோடரின் ஊருக்கு மந்து என்று பெயர். பழைய வீடு, மூங்கிலையும் பிரம்பையும் வில்லாக வளைத்துப் புல் வேய்ந்தது. ஏறத்தாழ 18 அடி நீளம், 9 அடி அகலம், 10 அடி உயரம். வாசலோ 3 அடிதான். குனிந்து தவழ்ந்து நுழைய வேண்டும். குளிர் உள்ளே வராமல் காக்கவும், காட்டு விலங்கைத் தடுக்கவும் கண்ட வழி அது. உள்ளே படுக்க ஒரு திண்ணை, மூட்ட ஓர் அடுப்பு. பொருளுக்குப் பொருள் தேவை இருந்தது. தேவையிலிருந்தே வடிவம் பிறந்தது. வளைந்த அந்தக் கூரையின் நேர்த்தியைப் பார்த்துக் கட்டடக் கலைஞர்கள் இன்றும் வியக்கிறார்கள்.

அந்த வீட்டின் உண்மையான ஓவியம் சுவரில் இல்லை. அவர்கள் தோளில் இருந்தது. பூத்துக்குளி என்னும் போர்வை! முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில், சிவப்பும் கறுப்புமான நூலால், தோடப் பெண்கள் பூவேலை செய்கிறார்கள். அச்சு இல்லை, வரைபடம் இல்லை, துணியை இழுத்துக் கட்டும் சட்டமும் இல்லை. இழையை விரலால் எண்ணி எண்ணி ஊசியைச் செலுத்துகிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாத மூதாட்டியின் விரல்களில் கணக்கு குடியிருந்தது! நம் வகுப்பறையில் சதுரத் தாளும் அளவுகோலும் கொடுத்தாலும் அந்தச் சமன் வடிவத்தை வரையத் திணறுவோர் பலர். இறந்தவரின் உடலுக்கும் அந்தப் போர்வையையே போர்த்தி வழியனுப்புவார்கள்.

ஆனால் பழங்குடியின் வாழ்வு என்பதற்காக அதில் உள்ள குறையை நாம் போற்றிப் பாட வேண்டியதில்லை. தோடரின் பால்மனைக் கோயிலுக்குள் பெண்கள் நுழையக்கூடாது என்பது மரபு. குடிக்கே அழகு செய்யும் விரல், கோயில் வாசலைத் தாண்டினால் தீட்டாம்! மாளிகையில் மட்டுமன்று, மந்திலும் அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் வேண்டும்: ஆக்கியவருக்கு ஏன் இடமில்லை?

பைக்காராவுக்கே திரும்புவோம். 1929-இல் இங்கே நீர்மின் திட்டம் தொடங்கி, 1932-இல் மின்சாரம் பிறந்தது. கிளென்மார்கனிலிருந்து 3000 அடிக்கு மேல் குழாய்வழி இறங்கும் நீர், மலையடியில் உள்ள மின் நிலையத்தில் சுழலியைச் சுழற்றுகிறது. அந்த இடத்தின் பெயர் என்ன தெரியுமா? சிங்காரா! கோவையின் நூற்பாலைகள் அந்த மின்சாரத்தால் பெருகின. நூறு நூறு வீடுகளில் புகையும் எண்ணெய் விளக்கு விடைபெற்றது. விளக்குப் புகை படிந்த சுவருக்கு வெள்ளை அடித்தாலும் பயன் என்ன? ஒளிதான் வீட்டின் முதல் ஒப்பனை. அந்த ஒப்பனையை ஊருக்கு வழங்கியது பைக்காரா. அறிவியலின் அந்த வெற்றியைப் போற்றுகிறோம்.

போற்றும்போதே அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கில் எழுத வேண்டும். பைக்காரா, முக்குருத்தி முதலிய நீர்த்தேக்கங்கள் புல்வெளிகளை மூழ்கடித்தன. தேயிலையும், சீகை மரமும், யூகலிப்டசும் எஞ்சியதில் பெரும்பகுதியை விழுங்கின. தோடரின் கூரைக்கான புல் சதுப்பு நிலத்தில் வளர்வது. சதுப்பு போனது, புல் அருகியது, வில்வளைந்த வீடும் அரிதாயிற்று. இன்று தோடரில் பெரும்பாலோர் செங்கல் வீட்டில் வாழ்கிறார்கள். மாற்றம் வருவது தவறன்று. செங்கல் வீடும் சன்னலும் அவர்களது உரிமை. பழைய குடிசையிலேயே இருந்து நமக்குக் காட்சி தர வேண்டும் என்று எவரும் அவர்களைக் கேட்கலாகாது. ஆனால் எதை விடுவது, எதை வைத்துக் கொள்வது என்று முடிவு செய்யும் உரிமை அவர்களிடம் அல்லவா இருந்திருக்க வேண்டும்?

இப்போது பாருங்கள் புதுமையை! எந்த ஊசிவேலை குளிருக்குப் போர்வையாக இருந்ததோ, அது விடுதிகளின் கூடத்தில் திண்டு உறையாகவும், மேசை விரிப்பாகவும், சுவர்த் திரையாகவும் வந்துவிட்டது. 2013-இல் தோடர் பூவேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. மகிழ்கிறோம். ஏறத்தாழ 2000 பேரே உள்ள ஒரு மக்களின் கலையை நாடு தன் ஏட்டில் பதிந்து கொண்டது. ஆனால் குறியீடு ஏட்டில் இருந்தால் போதாது. விலையிலும் இருக்க வேண்டும். எந்திரத்தில் அச்சடித்த போலியை மலிவாக வாங்கித் தொங்கவிட்டு, 'மலையின் மணம்' என்று பெருமை பேசுவது, திப்புவின் உத்தரத்தைத் தூக்கிச் சென்ற செயலுக்குத் தம்பி முறை!

அந்த விடுதியின் சன்னலுக்கு வெளியே தேயிலைத் தோட்டம் தெரியும். தோட்டத்தின் ஓரத்தில் 'லைன்' வீடுகளும் தெரியும். வரிசையாக ஒட்டிக் கட்டிய சிற்றறைகள். 1951-இன் தோட்டத் தொழிலாளர் சட்டம், தொழிலாளிக்கு வீடு தருவது முதலாளியின் கடமை என்றது. 1964-இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையின் லயங்களிலிருந்து வந்த நம் மக்கள் பலர், இங்கும் வரிசை வீட்டுக்கே வந்து சேர்ந்தார்கள். அங்கே உள் அலங்காரம் என்ன? காற்றுப் புகாமல் ஒட்டிய செய்தித்தாள். ஆண்டு முடிந்தும் கழற்றாத நாட்காட்டிப் படம். துலக்கித் துலக்கி அடுக்கிய எவர்சில்வர் பாத்திரங்கள். எள்ளி நகையாடாதீர்! இல்லாமையிலும் அழகை நாடும் மனித உள்ளத்தின் சான்று அது. ஏழைக்கு அழகுணர்ச்சி இல்லை என்பவன், அந்தப் பாத்திர அடுக்கின் முன் ஒரு நிமிடம் நிற்கட்டும்.

ஆகவே, வீட்டை அழகு செய்ய விரும்பும் இளைஞர்களுக்கு வரலாறு கற்றுத் தருவது இதுதான். பிறரை அச்சுறுத்தும் பொருளைச் சுவரில் மாட்டாதீர். பிறரிடம் பறித்ததைக் கூரையில் ஏற்றாதீர். முதலில் சன்னலைத் திறவுங்கள், ஒளி வரட்டும். சுண்ணாம்பு அடியுங்கள், சுவர் துலங்கட்டும். ஒரு பலகை அடித்து நூல்களை அடுக்குங்கள். விருந்தினர் கண்ணில் முதலில் அதுவே படட்டும். கடை வைத்திருப்போர், மன்றம் நடத்துவோர், கைவினைப் பொருளை வாங்கி மாட்டுங்கள். பேரம் பேசாமல் வாங்குங்கள். செய்தவர் பெயரை அதன் கீழே எழுதுங்கள். உங்களுக்காகப் பாத்திரம் துலக்குபவரும் அந்தக் கூடத்தில் உங்களோடு சரிநிகராக அமரட்டும்.

ஆக்கியவர் அமர முடியாத இடத்தில் எத்தனை ஓவியம் தொங்கினாலும் அது அழகாகாது. கட்டிலில் படுத்தவரைப் பற்றி நிரம்பப் படித்துவிட்டோம். கட்டிலை இழைத்தவருக்கு ஒரு கட்டில் கிடைக்கும் நாளே, சிங்காரம் என்ற சொல் தன் பொருளைப் பெறும் நாள்.